நடுத்துளைக் கீறல்கள்

காணிக்கைராஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பெரம்பூர் பஸ் நிறுத்தத்தில். கையிலிருந்த பழைய ராக் இசைத்தட்டை, "நீயே வச்சுக்கோப்பா" என்று கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

இசைத்தட்டுப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடையில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில், அவருடைய வேலையைக் காப்பாற்றிய தட்டு அது.

ஒருநாள் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும் சேஷகிரி ஒரு தட்டோடு வந்தார். "உலகத்திலேயே தலைசிறந்த ராக் ஆல்பம் இதுதான். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்."

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த காணிக்கைராஜ், "எனக்கு இதுதான் சார்" என்று கடைத் தட்டைக் காட்டினார்.

"துடைக்கிறவனுக்கு என்னய்யா தெரியும்? அதுதான் உசத்தி என்று நிரூபிக்கச் சொல்லுங்கள் முதலாளி. முடியாவிட்டால் வேலையை விட்டு அனுப்புங்கள்."

பெரிய மனிதரைப் பகைக்க விரும்பாத முதலாளி தலையாட்டினார்.

காணிக்கைராஜ் இரண்டு தட்டுகளையும் விளக்கடியில் பிடித்தார். "தட்டை மாட்டும்போது பிளேயர் நடுவுல நிக்கிற கம்பி உரசி, துளையைச் சுற்றிக் கோடு விழும் சார். எங்க தட்டைப் பாருங்க, ரெண்டு பக்கமும் எலி பிறாண்டின மாதிரி இருக்கு. உங்களதுல முதல் பக்கம் ரெண்டே கோடு. மறுபக்கம் ஒண்ணுகூட இல்லையே?"

"நான் பத்திரமாக மாட்டுவேன்!"

"சரி சார். மறுபக்கத்து முதல் பாட்டை ஒரு வரி பாடுங்க."

சேஷகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திரும்பத் திரும்பப் போடத் தோணணும் சார். அதுதான் பெரிய ஆல்பம்."

முதலாளி சிரித்தேவிட்டார். சேஷகிரி தட்டை உறையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

காணிக்கைராஜ் கொடுத்த தட்டு என் வீட்டில் இருக்கிறது. துளை தேய்ந்துவிட்டதால், சுற்றும்போது கொஞ்சம் ஆடுகிறது.