சொன்னாலே ஒரு கல்லு

ஒரு காட்டுல, மழை விட்டும் மரம் சொட்டுறத விடாத காட்டுல, யானை ஒண்ணு வைத்தியப் பள்ளிக்கூடம் நடத்துச்சு. அன்னைக்குப் பரீட்சை. அதுல பாஸானாத்தான் வைத்தியரு.

பரீட்சைக்கு நோயாளி வேணுமே? ரெண்டு வாழைப்பழம் கூலி பேசி, குரங்கைப் புல்லுல படுக்க வச்சாங்க. பாம்பு கடிச்ச மாதிரி கத்தணும். குரங்குக்குக் கத்தவா சொல்லித் தரணும்!

மாணவங்க செய்யுற ஒவ்வொரு வேலைக்கும் யானை கொட்டாங்குச்சியில ஒரு கூழாங்கல்லு போடும். மருந்து வீணாகுதேன்னு ஒரு சட்டமும் வச்சிருந்துச்சு. வாயால சொன்னாப் போதும், செஞ்ச கணக்கு.

மொதல்ல கீரி வந்துச்சு. வாய் பேசாத முசுடு. ஓடையில கை கழுவுச்சு, ஓடிப்போய்ப் பச்சிலை பறிச்சுச்சு, கல்லுல வச்சு அரைச்சுச்சு, அரைச்சுக்கிட்டே இருந்துச்சு. நேரம் முடிஞ்சுபோச்சு.

"ரெண்டே கல்லு. ஃபெயிலு. அப்பால போய் உக்காரு."

"அரைக்கணும்ல வாத்தியாரய்யா?"

"அரைச்சேன்னு சொல்லித் தொலைச்சிருந்தா இன்னொரு கல்லு விழுந்திருக்கும். வாயி எதுக்கு இருக்கு உனக்கு?"

அடுத்தது மயிலு. அது தோகையச் சரிபண்ணிட்டு வர்றதுக்குள்ள, புல்லுக்குள்ள ஏதோ சரசரன்னு போச்சு. குரங்கு துள்ளி விழுந்துச்சு.

"ஐயோ! நெசப் பாம்பு! நெசமாவே கடிச்சிருச்சு!"

யானை காதை ஆட்டிச் சிரிச்சுச்சு. "இப்பத்தான்டா வாங்குற பழத்துக்குக் கத்துற."

மயிலு குனியவே இல்ல. குனிஞ்சா தோகை ஈரமாயிரும்ல! "வணக்கம் குரங்கண்ணே. கை கழுவிட்டேன்னு வச்சுக்கோங்க."

டொக். ஒரு கல்லு.

"நாடி பாத்துட்டேன்னு வச்சுக்கோங்க."

டொக்.

"மயிலு... காலு வீங்குது, பாருப்பா..."

"பயப்படாதீங்கண்ணே. ஆறுதல் சொல்லிட்டேன்யா."

டொக்.

"பச்சிலை அரைச்சுக் குடுத்துட்டேன்னு வச்சுக்கோங்க."

டொக்.

அரைச்ச பச்சிலையோட கீரி ஓடிவந்துச்சு. யானை தும்பிக்கையக் குறுக்க நீட்டுச்சு.

"உன் முறை முடிஞ்சுது. போ."

"ஐயா, அவன் வாயில நுரை தள்ளுது!"

"அதுக்குத்தான் பழம் குடுக்குறேன். ஃபெயிலானவன் எனக்குப் பாடம் எடுக்குறியா?"

கீரி தும்பிக்கைக்கு அடியில பூந்து பாத்துச்சு. அமுக்கிப் புடிச்சிருச்சு யானை.

கொட்டாங்குச்சி நெறைஞ்சுது. குரங்கு சத்தம் நின்னுபோச்சு.

"மயிலு பாஸு! டேய் குரங்கு, எந்திரி. அடுத்த ஆளு காத்திருக்கு."

யானை காலால லேசா உருட்டுச்சு. குரங்கு உருண்டுச்சு. எந்திரிக்கல. பழம் ரெண்டும் உரிக்காமயே கெடந்துச்சு.

மரம் சொட்டுற சத்தம் மட்டும்தான்.

மயிலு தொண்டையக் கனைச்சுச்சு. "பொழைச்சிட்டான்னு... வச்சுக்கோங்கய்யா."

யானையோட தும்பிக்கை, பழக்க தோஷத்துல, இன்னொரு கல்லை எடுத்துச்சு.

நீதி: மருந்தை வாயால சொன்னா மார்க்கு ஏறும், வெஷம் எறங்காது.