முள்ளு போட்டு அடைச்ச கடவு

ஒரு ஊர்ல ஒரு புல்லுக்காடு இருந்துச்சாம். மரம் அடைச்சு நிக்கிற காடு இல்ல கண்ணு, புல்லுக்காடு. காங்கயத்துப் பக்கம், செம்மண் பூமி. ஆறும் கெடையாது, வாய்க்காலும் கெடையாது. மழை ஒரம்பரை, அதான் விருந்தாளி மாதிரி எப்பவாச்சும் வரும், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிரும். அந்த மண்ணுல நெல்லு வருமா? வராது. கொழுக்கட்டைப் புல்லு வரும். திங்கற கொழுக்கட்டை இல்ல, சிரிக்காத. நடுநடுவுல குடை விரிச்சாப்புல வெள்வேல மரம். சுத்தியும் கிளுவை வேலி. உள்ள போக வர ஒரே ஒரு வழி, அதுக்குப் பேரு கடவு. கேக்கறியா? ம் சொல்லு.

"ம்."

அந்தக் காடு பாவாயியோடது. பன்னெண்டு ஏக்கரா. பாவாயிக்கு ரெண்டு மாடு. அதே ஊர்ல நாச்சாயின்னு ஒருத்தி. அவளுக்கு ஒம்பது மாடு, ஆனா சொந்தமா ஒரு சாண் நெலம் கெடையாது. ரெண்டு பேருக்கும் ஒரு பேச்சு இருந்துச்சு. நாச்சாயி மாடு பாவாயி காட்டுல மேயும். அதுக்குப் பதிலா பாவாயி மாட்டையும் நாச்சாயியே பார்த்துக்குவா, வேலியில பொத்தல் விழுந்தா கிளுவைக் குச்சி நட்டு அடைப்பா. இப்படியே பத்து வருசம் ஓடுச்சு.

அப்புறம் ஒரு வருசம் மழை வரலை. அடுத்த வருசமும் வரலை. சித்திரை வெயில்ல பாவாயி போய்ப் பார்த்தா, புல்லெல்லாம் தலை மழிச்சாப்புல மண்ணோட மண்ணா இருக்குது. பதினோரு மாடும் சரக் சரக்குனு அந்த மொட்டையையும் கடிச்சுக்கிட்டு நிக்குது. பாவாயிக்கு வயிறு எரிஞ்சுது. புல்லைத் திங்கறது மாடு, அப்போ புல்லுக்கு எதிரி மாடு. இப்படி முடிவு கட்டினா. நீயே சொல்லு, சரியாத்தானே தோணுது? தோணும். மழை வராததுக்கு வானத்தோட போய் யாரு சண்டை போடறது? நாச்சாயின்னா கைக்கு எட்டற தூரத்துல இருக்கறா.

மறுநா காலையில பால் சொசைட்டி. கேனும் கையுமா ஊரே நிக்குது. அங்க வெச்சுக் கேட்டா.

"ஏ நாச்சாயி, ஒம்பது வாயை வளர்க்கறதுக்கு என் காடுதான் கெடைச்சுதா? மொட்டையடிச்சுப் போட்டியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

நாச்சாயி கேனைக் கீழ வெச்சா. "வேரு உசுரோடதான் இருக்குதுங்க்கா. ஒரு மழை பேஞ்சா எந்திரிச்சிருமுங்க. மாடு கடிக்கலீன்னாத்தான்..."

"எனக்கே பாடம் நடத்தறியா? காடு யாருது?"

"உங்களுதுங்க."

"அப்போ மாட்டை ஓட்டிக்கிட்டுப் போ."

"எங்கீங்க ஓட்டறது?"

"அது உன் பாடு."

யாரோ ஒருத்தர் சிரிச்சார். அந்தச் சிரிப்புல நாச்சாயி முகம் சுருங்கிப் போச்சு. பாவாயி அதைப் பார்த்தா. பார்த்துட்டு, பேச்சுல ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டா.

அன்னிக்கே வேல முள்ளை வெட்டிக் கடவுல போட்டு அடைச்சா. நியாயக்காரி பாரு, தன்னோட ரெண்டு மாட்டையும்கூட உள்ள விடலை, கட்டுத்தரையில கட்டிச் சோளத்தட்டு போட்டா. நாச்சாயி ஒம்பது மாட்டையும் ஓட்டிக்கிட்டு, கழுத்து மணி டிங் டிங்குனு கேக்க, தாராபுரத்துக்கு அக்கட்டால இருக்கற தங்கச்சி ஊருக்குப் போயிட்டா.

அப்புறம் ஆடியில சோன்னு மழை. புல்லு எந்திரிச்சுது பாரு, முதல்ல முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு உயரம். காத்தடிச்சா சலசலன்னு அலை அலையா ஆடுது. கார்ல போறவங்க எறங்கிப் போட்டோ எடுத்தாங்க. "மாட்டை வெரட்டினேன், காடு பொழைச்சுது"ன்னு பாவாயி எல்லாருகிட்டயும் சொன்னா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

ரெண்டாவது வருசம். போன வருசத்துப் புல்லு காஞ்சு மடங்கி, கூரை வேஞ்சாப்புல மண்ணை மூடிக் கெடக்குது. மழையும் பேஞ்சுது. ஆனா அடியில இருந்த துளிரு அண்ணாந்து பார்த்தா ஒரே இருட்டு. வெயிலே படாம வெளுத்து நீண்டு, அப்படியே அழுகிப் போச்சு. வேல மரத்து நெத்து பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. அதைத் தின்னு, வயித்துல ஊற வெச்சு, சாணியோட நாலு தெசையிலயும் போட ஒரு மாடு இல்ல. விழுந்த எடத்துலயே புழு தொளைச்சுக் கெடந்துச்சு. சாணி இல்லைன்னா சாணி உருட்டற வண்டுக்கு அங்க என்ன வேலை? அது போச்சு. வண்டைக் கொத்த வந்த வானம்பாடியும் போச்சு.

மூணாவது வருசம், வேலியில வந்து உக்கார்ற கொண்டைக்குருவி எச்சத்துல இருந்து, புல்லை அமுக்கற உண்ணிச்செடி மொளைச்சுது. ஒண்ணு பத்தாச்சு, பத்து பொதராச்சு.

கடவுல நின்னு பார்த்த பாவாயிக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சது வெளிய தெரியக் கூடாதுன்னு நெனச்சா பாரு, அதான் ரெண்டாவது தப்பு. மாடு செய்யற வேலைதானே, நானே செஞ்சுக்கறேன்னு எறங்கிட்டா.

முதல்ல மாட்டு வாய். அருவாளை எடுத்துக்கிட்டுப் போயி சரக் சரக்குனு அறுத்தா. ஒரு வாரத்துல அரை ஏக்கரா ஆச்சு, இடுப்பு போச்சு. மாடுன்னா ஒரு கடி கடிக்கும், நாலு எட்டு தள்ளிப் போகும், ஒண்ணை விட்டு ஒண்ணைக் கடிக்கும். அருவாளுக்கு அந்த நாக்கு உண்டா? காஞ்சதோட சேர்த்துத் துளிரையும் வழிச்சுப் போட்டுது.

அப்புறம் மாட்டுக் காலு. புல்லு செத்த எடமெல்லாம் மண்ணு ஓடு கட்டி, பேயற தண்ணி உள்ள எறங்காம ஓடிருது. குளம்பு பட்டிருந்தா குழி குழியா ஒடைஞ்சிருக்கும். பாவாயி உலக்கையைத் தூக்கிட்டுப் போயி தொம் தொம்னு குத்திக்கிட்டே நடந்தா. வேலி ஓரமாப் போன ஒருத்தர் நின்னு கேட்டார், "ஏனுங்க பாவாயக்கா, பூமியிலயே நெல்லுக் குத்தறீங்களாட்ட இருக்குது?"

"எலி வளைங்க. மூடறேன்."

பொய் சொல்லிட்டா. காது வரைக்கும் சூடாயிருச்சு.

மூணாவது சாணி. கட்டுத்தரையில இருந்து கூடை கூடையாச் சொமந்தா. ரெண்டு மாட்டுச் சாணி பன்னெண்டு ஏக்கராவுக்கு எந்த மூலைக்கு? கொட்டின எடத்துல குமிஞ்சு, இருந்த புல்லும் கருகிச்சு.

அப்போ கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்தா. இத்தனை நாள் ஒடம்பு நோகச் செஞ்சது புல்லுக்காக இல்ல, நாச்சாயிகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லாமத் தப்பிக்கத்தான்னு அவளுக்கே தெரிஞ்சுது.

"போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

கேக்க லேசா இருக்கும் கண்ணு. சொசைட்டியில கத்தறதுக்கு அவளுக்கு ஒரு நிமிசம் ஆச்சு. பஸ் ஏற மூணு வருசம் ஆச்சு.

ஆனா ஏறிட்டா. நாச்சாயி ஏரிக்கரையில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தா. பாவாயி எண்ணினா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. திரும்பவும் எண்ணினா. நாலுதான்.

"மீதி அஞ்சு?"

"மேய எடமில்லீங்க்கா. ரோட்டோரத்துல எத்தனை நாளைக்கு மேய்க்கறது? வித்து, லாரியில ஏத்திட்டேன்." நாச்சாயி தண்ணியையே பார்த்துக்கிட்டுச் சொன்னா. "செவலைப் பசு மட்டும் ஏற மாட்டேன்னு நின்னுச்சு. நாலு ஆளு தள்ளியும் நகரலை. அப்புறம் நான்தான் மேல ஏறி நின்னு கூப்பிட்டேன். நான் கூப்பிட்டா வந்துருமுங்க அது."

பஸ்ஸுல வர்றப்போ பாவாயி பேச்சைக் கோத்துக் கோத்து வெச்சிருந்தா. அத்தனையும் உதுந்து போச்சு.

"தப்பு என்னுது நாச்சாயி. ஊருக்கு வா. அதே சொசைட்டியில, அத்தனை பேரு முன்னாலயும் சொல்றேன்."

"சொன்னா உங்களுக்கு மனசு ஆறுமுங்க. எனக்கு மாடு வருமுங்களா?"

பாவாயி அந்த நாலு மாட்டையும் இன்னொரு தரம் பார்த்தா.

அப்புறம் நாச்சாயியே கேட்டா. "இந்த நாலுக்கும் புல்லு வேணும். கடவைத் தெறக்கறீங்களா?"

"தெறக்கறேன்."

"நாளைக்கு மழை இல்லீன்னா மறுபடி போன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"இன்னிக்குச் சொல்ல மாட்டீங்க. எழுதிக் குடுங்க."

சரியாத்தான் கேட்டா. வெறும் வாக்கை நம்பினவதானே பத்து வருசம் வேலி அடைச்சா. பாவாயி எழுதிக் குடுத்தா: நாச்சாயிக்கு ஒத்தை மாடு இருக்கற வரைக்கும், காடு யாரு கைக்குப் போனாலும், மேய்ச்சல் அவளுது. அடியில கையெழுத்தும் போட்டா.

அப்புறம் கடவுல கெடந்த முள்ளைப் பாவாயி வெறுங்கையில இழுத்துப் போட்டா. நாச்சாயி மாடு நாலு, பாவாயி மாடு ரெண்டு, ஆறும் பொதக் பொதக்குனு உள்ள போச்சு. காஞ்ச தட்டை மடக் மடக்குனு ஒடிஞ்சுது, ஒடிஞ்ச சந்துல வெயில் எறங்குச்சு. ஐப்பசி மழைக்கு அந்தச் சந்துல எல்லாம் பச்சை வெச்சுது. வண்டு வந்துச்சு. வானம்பாடியும் வந்துச்சு.

ஆனா ஆறு மாட்டுக்கு எட்டின அளவுதான் காடு திரும்புச்சு. பாதிக் காடு இன்னும் பொதரு. ஒரு நாள் பாவாயி கேட்டா, "ஆளு விட்டு வெட்டிரலாமா?"

"வெட்டலாமுங்க்கா. வெட்டின எடத்துல மேய மாடு வேணுமே."

அதுக்கப்புறம் பாவாயி அதைக் கேக்கவே இல்ல. தெனமும் மாட்டுக்குத் தண்ணி கொண்டு போறப்போ அந்தப் பொதரைத் தாண்டித்தான் போகணும். போவா.

"அந்தச் செவலைப் பசு திரும்பி வந்துச்சா?"

வரலை கண்ணு.

"கதைதானே? வர வெக்கலாமில்ல?"

வெக்கலாம். வெச்சா பாவாயி தப்பிச்சுருவா.

"ம்..."

கதை இத்தோட தீந்துது. மாடெல்லாம் படுத்து அசை போடுது. நீயும் கண்ணை மூடித் தூங்கு.