கயிறில்லாப் பாய்மரம்

கண்ணாடி முன்னால் நின்றால் நகர மனம் வராத ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் பவழத்துறை நாட்டை ஆண்டுவந்தார். பெயர் மகரகேது. ஆள் நல்லவர்தான். யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும்.

அந்த நாட்டுத் துறைமுகத்தைப் பற்றிப் பெருமையடிக்காமல் என்னால் மேலே கதை சொல்ல முடியாது. பவழத்துறைக் கப்பல் வருகிறது என்றால் தீவுகளில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வருவார்கள். அப்படிப்பட்ட ஊரே வாய்பிளக்கும்படி ஒரு கப்பலைக் கட்டவைத்தார் மந்திரி எட்டியப்பர். மலைக்காட்டிலிருந்து ஒரே புன்னை மரத்தை இறக்கி, அடியிலிருந்து நுனிவரை மீனும் கொடியுமாகச் செதுக்கிப் பாய்மரமாக நட்டார்கள். சங்குத்தீவு ராஜாவுக்குப் பரிசுகள் ஏற்றிப்போக வேண்டிய கப்பல் அது.

ஊரெல்லாம் மந்திரியைப் பாராட்டியதில் ஒருவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர் அரசவைப் பெரியவர் சபாரஞ்சிதர். ராஜா தும்மினால்கூட அதில் ராகம் கண்டுபிடிப்பவர். ராஜா கப்பலைப் பார்க்கத் துறைமுகம் வந்த அன்று அவர் காதோரம் போய் நின்றார்.

"மகாராஜா, மரம் அழகுதான். ஆனால் நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்களே. திருடனைத்தான் இப்படிக் கட்டுவார்கள். தங்கள் மீன்கொடி பறக்கிற மரத்துக்குக் கயிறா துணை?"

ராஜாவின் முகம் சிவந்தது. மரத்தைப் பிடித்திருக்கும் கயிறுகளையெல்லாம் உடனே அவிழ்க்கச் சொன்னார். கப்பல் தலைவர் கடலாண்டித் தண்டல் கைகட்டி முன்னால் வந்தார். பாயில் காற்று அடிக்கும்போது மரத்தைச் சாயவிடாமல் பிடிப்பவை அந்தக் கயிறுகள்தான் என்றும், அவை போனால் நடுக்கடலில் மரம் முறிந்து கப்பலையும் கவிழ்த்துவிடும் என்றும் பணிவாகச் சொன்னார். ராஜா கேட்கவில்லை. கயிறில்லாமல் புறப்படு, இல்லாவிட்டால் தலை போகும் என்றார்.

"தலையை எடுத்துக்கோங்க சாமி," என்றார் தண்டல். "என்னை நம்பி அறுபது பேர் ஏறுறாங்க. அவங்களைக் கடல்ல கொட்டிட்டு நான் தலையோட திரும்பி வந்து யார் மூஞ்சில முழிக்கிறது?"

ராஜா முன்னால் நின்று இப்படிச் சொல்ல ஒரு மனுஷன் இருந்தாரே, அந்த ஊர் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் காவலர்கள் வந்து அவர் கையைக் கட்டிவிட்டார்கள்.

எதிர்த்துப் பேசினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று எட்டியப்பருக்குத் தெரியும். அதனால் அவர் கைதட்டினார்.

"சபாரஞ்சிதர் சொன்னது நியாயம், மகாராஜா. பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கொடியை ஏற்றுவதும் கயிறுதானே? மரத்துக்கு அவமானம் என்றால் கொடிக்கும் அவமானம்தான். ஒரு பெரிய மனிதர் உச்சியில் நின்று கொடியைக் கையில் பிடிப்பதே முறை. கயிறெல்லாம் போன பிறகும் மரம் அசையாமல் நின்றால் தண்டல் சொன்னது பொய். அப்போது தண்டிக்கலாம்."

யார் அந்தப் பெரிய மனிதர் என்று ராஜா ஆவலோடு கேட்டார். கொடியின் மானத்தை முதலில் உணர்ந்தவரைவிடத் தகுதியானவர் யார் என்றார் மந்திரி. சபாரஞ்சிதர் தமக்கு முழங்கால் வலி என்றார், தலைசுற்றல் என்றார், தகுதி போதாது என்றார். ராஜா அதையெல்லாம் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நாலு மாலுமிகள் கீழிருந்து தள்ள, சபாரஞ்சிதர் நூலேணி வழியாக உச்சிப் பலகைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு கையில் கொடி. இன்னொரு கையும் இரண்டு காலும் மரத்தைச் சுற்றியிருந்தன.

"முதலில் அந்த நூலேணியை அவிழுங்கள்," என்றார் மந்திரி.

மேலிருந்து குரல் வந்தது. "அது ஏணி. கயிற்றில் சேராது."

சரி, இருக்கட்டும் என்றார் ராஜா. அடுத்து முன்பக்கக் கயிற்றைத் தளர்த்தினார்கள். கடற்காற்று ஒரு தள்ளு தள்ளியது. மரம் முனகிக்கொண்டு பின்னால் சாய்ந்தது.

"அது இருக்கட்டும், மகாராஜா," என்று சபாரஞ்சிதர் கத்தினார். "யானைக்கு நெற்றிப்பட்டம் போலக் கப்பலுக்கு அது ஓர் அழகு."

மறுபடி கட்டினார்கள். இடப்பக்கக் கயிற்றில் கை வைத்ததும், இடப்பக்கம் லட்சுமி இருக்கும் பக்கம், அதைத் தொடுவது தோஷம் என்று மேலிருந்து சேதி வந்தது. வலப்பக்கக் கயிற்றை அவிழ்த்தார்கள். அலை ஒன்று கப்பலைத் தூக்கிப் போட்டது, மரம் கடல் பக்கம் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. அதுவும் வேண்டாம் என்று மேலிருந்து அலறல் வந்தது.

"இதற்கு என்ன காரணம், சபாரஞ்சிதரே?" என்று ராஜா கேட்டார்.

"காரணம் இறங்கி வந்து சொல்கிறேன். முதலில் கட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்துக் கயிறு தொளதொளவென்று இருக்கிறது, அதையும் இறுக்கச் சொல்லுங்கள்."

துறைமுகமே சிரித்தது. ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று அடங்கி, கட்டுண்டு நின்ற தண்டலிடம் தாமே நடந்து போய்க் கட்டை அவிழ்த்தார்.

"தரையில் நின்றுகொண்டு பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்ளும்," என்றார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். மந்திரியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். கப்பல் ஏறிவிட்டால் ராஜா பேச்சுக்கும் மேலே தண்டல் பேச்சு என்று ஓர் ஆணை போதும் என்றார் எட்டியப்பர். அந்த ஆணை அங்கேயே பிறந்தது. கயிறுகளின் முடிச்சைக் காலையும் மாலையும் சோதிக்கும் வேலை கொடுத்துச் சபாரஞ்சிதரையும் அதே கப்பலில் தூதராக அனுப்பினார்கள்.

வழியில் பெருங்காற்று அடித்தது. மரம் அசையவில்லை, அறுபது பேரில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. மீன்கொடி படபடக்கக் கப்பல் சங்குத்தீவுக்குள் நுழைந்தபோது அந்த ஊர் ராஜா கரைக்கே வந்து, செதுக்கிய பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாராம்.

தூதர் சபாரஞ்சிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் போனார்.

"மரம் கிடக்கட்டும், அரசே. எங்கள் ஊர்க்காரன் கட்டிய கயிற்றைப் பாருங்கள்."