பன்னிரண்டு முழ மதில்

வெண்ணாவலூர் ராஜா சேந்தமாறருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் மதில் இருக்கிறதாம், தம் ஊருக்கு மட்டும் இல்லையாம். சந்தைக்கு வருகிற சரக்கில் எல்லாம் மதிலுக்கென்று ஒரு பங்கு எடுக்கச் சொன்னார். எடுக்கிற வேலையைப் பேரம்பலம் என்கிற ஆளிடம் கொடுத்தார். அவருக்கு மதில் அதிகாரி என்று பட்டம், விரலில் முத்திரை மோதிரம் வேறு!

பேரம்பலம் முதலில் கட்டியது வாசல். கடைசியாகக் கட்டியதும் அதே வாசல்தான். ஏழு வருஷமாகப் புளியந்தோப்புக்கு நடுவில் அது தன்னந்தனியாக நிற்கிறது. இந்தப் பக்கமும் சுவர் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் அதற்குள் நுழைந்துதான் வரவேண்டும், பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். வெண்டைக்காய்க்காரியிடம் ஒரு கூறு வெண்டைக்காய், மீன்காரனிடம் ஒரு கை அயிரை. மதிலுக்கு அயிரை எதுக்குய்யா? செங்கல்லுக்குப் பதிலாக அடுக்கப் போகிறாரா? எல்லாம் போனது அவர் வீட்டு அடுப்படிக்கு. அந்த ஏழு வருஷத்தில் ஊரில் உயர்ந்தது அவர் வீட்டு மாடி ஒன்றுதான்.

ராஜா பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாரே! தினமும் வெற்றிலை மென்றுகொண்டு அரண்மனை மாடத்திலிருந்து பார்ப்பார். வாசல் தெரியும், மிச்சத்தைப் புளியமரங்கள் மறைக்கும். "ஆகா, என்ன மதில்!" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இறங்கிப் போய்ப் பார்த்தால் கால் வலிக்குமே, பாவம்.

மாடத்தி என்று ஒருத்தி பானை செய்து விற்கிறவள். தலையில் ஏழு பானை கொண்டுவந்தால் வாசலில் இரண்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "போங்கடா, நீங்களும் உங்க வாசலும்!" என்று வாசலுக்குப் பத்தடி தள்ளி நடந்து ஊருக்குள் வந்துவிட்டாள். காவல்காரர்கள் பானையும் கையுமாக அவளைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மகாராஜா, இவ மதில் ஏறிக் குதிச்சிட்டா!" என்றார் பேரம்பலம்.

மதில் ஏறிக் குதித்தால் வலது கையை வெட்டவேண்டும். அப்படி ஒரு சட்டம் போட வைத்ததும் அவர்தான்.

"ஐயோ ராசா, கை போயிட்டா எதை வச்சு மண்ணு பிசைவேன்? அங்கே மதிலே இல்லையே!" என்று மாடத்தி கதறினாள்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் அதிகாரி பொய் சொல்றார்ங்கிறியா? முத்திரை மோதிரம் போட்டவர் பொய் சொல்றார்னு இந்தச் சபையில இனி யார் சொன்னாலும் ஐம்பது கசையடி!"

சபையில் இருந்த பெரிய மனுஷர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். ஊரே அறிந்த விஷயம், ஒருத்தனாவது வாயைத் திறக்கவேண்டுமே? தூ! எழுந்தவன் ராஜாவுக்கு வேடிக்கை பேசுகிற குழைக்காதன்.

"அதிகாரி சொல்றது சத்தியம், மகாராஜா. அதை அப்படியே வச்சுக்கிட்டு நான் விசாரிக்கலாமா?"

"விசாரி."

"அதிகாரி ஐயா, நம்ம மதில் எத்தனை முழம் உயரம்?"

பேரம்பலம் கூசாமல் சொன்னார்: "பன்னிரண்டு முழம்."

"இவ தலையில எத்தனை பானை?"

"ஏழு."

குழைக்காதன் ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்த்தான். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"பன்னிரண்டு முழம் ஏறி, ஏழு பானையோட குதிச்சு, ஒண்ணும் உடையலை! இவ கையை வெட்டுறதா? சேனாதிபதியை வீட்டுக்கு அனுப்பிட்டு அந்த இடத்துல இவளைப் போடுங்க மகாராஜா!"

ராஜா முதல் தடவையாக யோசித்தார். "ஏம்மா, எப்படிக் குதிச்சே?"

"குதிக்கலை ராசா, நடந்துதான் வந்தேன்."

"குழைக்காதா, உண்மையைச் சொல்லு. மதில் இருக்கா, இல்லையா?"

"எனக்கு இருக்கிறது ஒரே முதுகு, மகாராஜா. என்னைக் கேக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள அதிகாரி நம்ம எல்லார் முன்னாலயும் அந்த மதில்ல ஒரு தடவை முட்டிக்கட்டும். முட்டிட்டா இவ கையை வெட்டுங்க. முட்டலைன்னா இவளை விட்டுடுங்க. ஆனா மதில்ல முட்டுற வரைக்கும் அவர் வீட்டுக்குப் போகக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்!"

ராஜா பல்லக்கில் ஏறினார். சபையும் சந்தையும் பின்னாலேயே போயின. பேரம்பலம் வாசலுக்கு இடப்பக்கம் ஓடினார், வலப்பக்கம் ஓடினார். ஏழு வருஷம் ஊரை முட்டாளாக்கிய தலைக்கு முட்டிக்கொள்ள ஒரு சாண் சுவர் அகப்படவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரத்தை நோக்கிப் பாய்ந்தார்.

"அது புளியமரம் ஐயா!" என்று சந்தையே கத்தியது.

பொழுது சாய்ந்தது. ராஜா வெட்கத்தில் சிவந்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மாடத்தியின் கையும் பிழைத்தது, ஏழு பானையும் பிழைத்தது. சந்தைப் பங்கு அன்றோடு நின்றது. குழைக்காதனுக்கு ராஜாவின் முத்துமாலை.

பேரம்பலம் புளியமரத்தடியில் படுத்தார். வேறு வழியில்லாமல் தம் வீட்டு மாடியை இடித்துச் செங்கல்லைக் கொண்டுவந்து மதில் எழுப்பினார். இடுப்பளவு வந்ததும் குனிந்து ஒரு முட்டு முட்டிக்கொண்டு, நெற்றியைத் தடவியபடி சபைக்கு ஓடிவந்தார்.

"முட்டிட்டேன் மகாராஜா! வீட்டுக்குப் போகலாமா?"

"எத்தனை முழம் ஐயா அது?" என்றான் குழைக்காதன்.

"ரெண்டு முழம்."

"அன்னிக்குச் சபையில பன்னிரண்டுன்னு சொன்னீங்களே! நீங்க சொன்னது பொய்னு நான் எப்படிச் சொல்வேன்? ஐம்பது கசையடியாச்சே! போய் மிச்சப் பத்து முழத்தையும் கட்டிட்டு வந்து முட்டுங்க."