நீல ஒயர்

"இன்னும் என்னதான் டீச்சர் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் சடகோபன்.

பெரம்பூரில் டீச்சர் வீட்டு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. மேசை மேல் சடகோபன் செய்து கொண்டுவந்த புது சர்க்யூட் போர்டு பச்சைப் பசேலென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

தில்ஷாத்தை நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. வயது நாற்பதுதான். செத்துப்போன பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை எழுப்பப் பார்க்கிற பத்துப் பேர் நாங்கள். டீச்சருக்குத் தெரிந்ததில் பாதிகூட மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்துத் தெரியாது.

சடகோபனுக்கு அறுபத்தெட்டு. எண்பதுகளில் கிண்டியில் ஒரு கம்பெனி 'மயூரா' என்றொரு கம்ப்யூட்டரைச் செய்தது. டிவியில் மாட்டிப் பிள்ளைகள் தட்டுவதற்கு. அதன் போர்டை வரைந்தவர் இவர்தான். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

மயூராக்களை இப்போது பாட்டரி கசிந்து தின்றுவிட்டது. போர்டு அரித்துப்போன பிறகு சிப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் பழைய போர்டு ஒன்றைச் சிப்புகளைக் கழற்றி மொட்டையடித்து, படம்பிடித்து, செப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்து, புதிதாக அச்சடிக்கக் கொடுப்போம். பிழைத்த சிப்புகளை அதில் குடியேற்றுவோம். வீட்டில் பைத்தியம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வருகிறவர்களிடம் டீச்சர் கேட்பது ஒரே கேள்வி. "எதுக்கு?"

ஒருவர், இறந்துபோன தம்பியின் மிஷின் என்றார். ஒருவர், சும்மா இருந்தால் கை பரபரக்கிறது என்றார். இரண்டு பதிலையும் டீச்சர் ஒத்துக்கொண்டார்.

"அடுத்த தலைமுறை பாக்கணும்" என்று சடகோபன் சொன்ன பதிலை மட்டும் நாலு மாதமாக ஒத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் சரி என்றால்தான் எங்கள் கூட்டத்தின் பேரில் வரைபடம் வெளியே போகும். அரித்துப்போன மயூரா வைத்திருந்த இருபத்து மூன்று பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். புது போர்டின் ஓரத்தில் 'வடிவமைப்பு: ச. சடகோபன்' என்று வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது. பழைய போர்டில் அந்த வரி கிடையாது. அவருடைய ஆசை முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

"ஓடுதா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆறு மணி நேரம் ஓடவிட்டுப் பாத்துட்டேன்."

டீச்சர் போர்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நீல ஒயர் எங்க?"

பழைய மயூரா எல்லாவற்றிலும் அடிப்பக்கம் குறுக்கே ஒரு நீல ஒயர் ஓடும். கம்பெனியிலேயே கையால் பற்றவைத்தது. ஆபரேஷன் தழும்பு என்று நாங்கள் கேலி செய்வோம்.

"அது இனிமே தேவையில்ல. அந்தத் தப்பைச் சரி பண்ணிட்டேன். செப்புலயே கோடு போட்டாச்சு."

"யார் தப்பு?"

"அசெம்பிளில. சோல்டரிங் சரியில்ல. பொண்ணுங்கள வச்சு வேலை வாங்கினா அப்படித்தான்..." சிரித்தார். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய சிரிப்பு.

டீச்சர் அலமாரியிலிருந்து மொட்டையடித்த பழைய போர்டை எடுத்தார். சிப் இல்லை, ஒயர் இல்லை. படம்பிடிக்க சடகோபனே கழற்றிக் கொடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, மெமரி சிப் இருந்த இடத்தில் விரல் வைத்தார்.

சிப்பின் ஒரு கால் நுழைகிற ஓட்டை அது. அந்த ஓட்டையிலிருந்து எந்தப் பக்கமும் எந்தக் கோடும் போகவில்லை. அறுந்த தடமும் இல்லை. வரையவே இல்லை.

"இல்லாத கோட்டை எந்தப் பொண்ணு சார் சரியா பத்தவைப்பா?"

சடகோபன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வரையறப்போ விட்டுப்போச்சு," என்றார். "ஜில்லுனு இருக்கறவரைக்கும் ஓடும். சூடானா ஸ்கிரீன் கலங்கிடும். சோல்டரிங் கோளாறு மாதிரியே தெரியும். அதனாலதான் எல்லாரும் நம்பினாங்க."

எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. மூன்றாம் வகுப்பில் என் பெயரை நான் முதன்முதலாகத் தட்டிப் பார்த்தது அவர் வரைந்த மிஷினில்தான்.

டீச்சர் ஒரு பிளேடை எடுத்தார். புது போர்டில் சடகோபன் சேர்த்திருந்த அந்த ஒரு கோட்டை அறுத்தார்.

"டீச்சர்!"

டீச்சர் போர்டை டிவியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். திரை ஒழுங்காக வந்தது. எங்களுக்கு டீ கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் திரையில் எழுத்துகள் கண்டபடி கலைந்து ஓடின.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, சோல்டரிங் அயர்னையும் ஒரு துண்டு நீல ஒயரையும் சடகோபன் முன்னால் வைத்தார்.

சடகோபன் அயர்னை எடுத்தார். முதல் தடவை ஒயர் ஒட்டாமல் கழன்று வந்துவிட்டது. இரண்டாம் தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். உதவலாம் என்று எழுந்தேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

டீச்சர் திரும்ப ஸ்விட்சைப் போட்டார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை கலங்கவில்லை.

"ஒண்ணுக்கே எனக்கு இவ்வளவு நேரம்," என்றார் சடகோபன். "அமலோற்பவம் ரெண்டே நிமிஷத்துல போட்டுடுவா."

அந்தப் பெயரை அவர் இதற்குமுன் சொன்னதே இல்லை.

"அவங்கதான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"அசெம்பிளிலயும் டெஸ்டிங்லயும் இருந்தா. என் டேபிளுக்கு வந்து, 'சார், இங்க ஒரு கோடு இல்ல சார்'னா. நான் தனியா இருக்கற நேரம் பாத்து வந்துதான் சொன்னா. எனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு."

"ஒயரும் அவங்களே போட்டாங்களா?"

"வேற யாருக்கும் அவ்வளவு சுத்தமா கை வராது. எழுநூத்தி நாப்பது போர்டு. மூணு வாரம், ஒரே ஆளு."

"அப்புறம்?"

"யார் பொறுப்புன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டாங்க. எனக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துது." சுட்டுக்கொண்ட விரலைத் தடவினார். "சோல்டரிங் சரியில்லன்னு லெட்டர்ல அவ பேரை எழுதிக் குடுத்தேன். அன்னிக்கே அவளை அனுப்பிட்டாங்க."

"என்னிக்கு சார்? ஒயர் போடறதுக்கு முன்னாடியா?"

டிவியில் கர்சர் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சடகோபன் அதையே பார்த்தார்.

"கடைசி போர்டை அவ முடிக்கற வரைக்கும் அந்த லெட்டரை என் டிராயர்ல வச்சிருந்தேன்," என்றார்.