நீர்த்துளிக்கு ஒரு இலை

மலைகளெல்லாம் நடந்து திரிந்து, கால் வலித்து, ஆளுக்கோர் இடமாக உட்கார்ந்துகொண்ட காலம் அது. கடைசியாக வந்து உட்கார்ந்த மலைக்கு வெண்மூட்ட மலை என்று பேர். அங்கே மேகம் வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போகும். சமையல் நேரத்தில் வந்தால் ரசத்திலும் கொஞ்சம் கலந்துவிட்டுப் போகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த மலையில் நஞ்சப்பன் என்று ஒரு விறகுவெட்டி. அவன் பெண்டாட்டி பூவாத்தா, கீழே வயல்நாட்டுக்காரி. ஒரு விடியற்காலையில் நஞ்சப்பன் குளிர் தாங்காமல் ஒரு புல்வெளியில் நெருப்பு மூட்டினான். அது பனிச்சடையன் என்ற மந்திரவாதியின் புல்வெளி. ஊருக்கே தெரியும், இவனுக்கும் தெரியும். பல் கிட்டிக்கும்போது யாருக்கு ஞாபகம் வருகிறது!

பனிச்சடையன் விரித்து வைத்த உறைபனி முழுக்க உருகி ஓடியது. வந்து பார்த்தான். முழங்கால் வரை தொங்கிய வெள்ளைச் சடை ஆடியது.

"என் பனியைத் தண்ணியாக்கினவனே, நீயும் தண்ணியாப் போ!"

அந்த நேரம் பார்த்து சோறு கொண்டுவந்த பூவாத்தா, புருஷன் கரைவதைக் கண்டாள். சோற்றுச் சட்டியை மூடியிருந்த, வயல்நாட்டிலிருந்து வந்த சேம்பிலையை உருவி நீட்டினாள். அதில் ஒரே ஒரு துளி விழுந்து உருண்டது. நெல்லிக்காய் அளவு.

"மண்ணைத் தொட்டால் மண்ணோடு போவான், உறைந்தால் எனக்குச் சொந்தமாவான்" என்றான் மந்திரவாதி. "இவன் கால் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு இந்த மலையில் ஒரு இலை வளர்த்துக் காட்டு. அன்றைக்கு மனுஷனாவான். உள்ளங்கைக்கு மேல் இங்கே எந்த இலையும் வளர்ந்ததில்லை, தெரியுமில்ல?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பூவாத்தா அழுதாள். நன்றாக அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு இலையிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கறேன் புள்ள" என்றது துளி. "சோத்தைக் கொட்டிட்டயே!"

முதல் வருஷம் பூவாத்தா தாய்வீட்டுச் சேம்புக் கிழங்கை வாங்கிவந்து வாசலில் நட்டாள். நல்ல வெயில், கண் முன்னாலேயே இருக்கும் என்பது அவள் கணக்கு. தப்புக் கணக்கு. மண் காய்ந்தது, காற்று இலையை நார்நாராகக் கிழித்தது. தட்டு அகலத்துக்கு மேல் ஓர் இலையும் வரவில்லை. உறைபனி மாதம் வந்ததும் கிழங்கைச் சட்டியில் பெயர்த்து வைத்து, துளியையும் அதில் ஏற்றி, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். அடுப்புச் சூட்டில் நெல்லிக்காய் அளவு நஞ்சப்பன் குன்றிமணி அளவானான்.

இரண்டாம் வருஷம் இடத்தை மாற்றினாள். மலைச்சரிவில் ஒரு பள்ளம். ஊற்று கசிந்து கசிந்து, கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். இரண்டு பாறைகள் காற்றை மறித்து நிற்கும். மட்கிய சாணமும் சருகும் போட்டு நட்டாள். இலை முறம் அகலத்துக்கு வந்தது. மேகம் வந்தால் அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டுப் போகும். ஆனால் உறைபனி விடுமா? அதற்கு முன்பே ஒரு பக்கக்கன்றைச் சட்டியில் எடுத்து, மறுபடியும் அடுப்பங்கரை. குன்றிமணி நஞ்சப்பன் கடுகு அளவானான். குரல்கூடக் கடுகு அளவுதான்.

"இன்னொரு பனிக்காலம் அடுப்போரம் வெச்சா நான் ஆவிதான் புள்ள" என்றான்.

பனிக்காலம் முடிந்து பள்ளத்துக்குப் போனாள். தாய்ச்செடி கருகிக் கூழாகிக் கிடந்தது. அழுகலை விலக்கியபோது கை நின்றது. ஒரே ஒரு பெரிய இலை மட்டும் கவிழ்ந்து கிழங்கின் தலையை மூடியிருந்தது. அதற்கு அடியில் விரல் நீளப் பச்சைக் குருத்து. பெயர்க்கவே வேண்டாம், இலையால் மூடினாலே கிழங்கு பிழைக்கும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மூன்றாம் வருஷம் அந்தக் குருத்து வண்டிச் சக்கரம் அகலத்துக்கு இலை விட்டது. நஞ்சப்பன் படுக்க இன்னும் ஒரு முழம் வேண்டும். ஒரே ஒரு முழம்! அதற்குள் புல்நுனி வெளுக்கத் தொடங்கிவிட்டது.

பூவாத்தா அரிவாளோடு வந்தாள்.

"ஏனுங்க, எல்லா இலையையும் வெட்டப் போறேன். உங்களைக் குருத்து மடிப்புல வெச்சு மூடிருவேன். பயமா இருக்குங்களா?"

"பயந்தான். நீ வெட்டு."

ஒவ்வோர் இலையாக வெட்டினாள். சுருண்ட குருத்தின் மடிப்பில் துளியை உருட்டிவிட்டாள். இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கிழங்கின் தலையை மூடினாள். மேலே காய்ந்த புல்லைப் பரப்பினாள்.

பனிச்சடையன் வந்தான். மொட்டைத் தண்டுகளைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் வேலையை நீயே செஞ்சுட்டியே! வருஷமெல்லாம் வளர்த்து, நீயே அறுத்துட்டியே!"

அவன் உறைபனியைக் கொட்டினான். ஒரு நாள் கொட்டினான், ஒரு மாதம் கொட்டினான், மூன்று மாதம் கொட்டினான். பூவாத்தா காலைதோறும் வந்து குவியலருகே குனிந்து மூன்று தடவை கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இருக்கீங்களா? ஏனுங்க, இருக்கீங்களா? ஏனுங்க, இருக்கீங்களா?"

பதிலே இல்லை. ஒரு நாளும் இல்லை. வெளியே சொல்லவில்லையே தவிர, தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று பயந்தாள். ஆனாலும் மறுநாள் காலை வருவாள், குனிவாள், கூப்பிடுவாள்.

குயில் கூவிய முதல் நாள் புல்லை விலக்கினாள். இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேல் இலை கருகியிருந்தது, நடு இலை வாடியிருந்தது, அடி இலை ஈரமாக இருந்தது. அதற்கும் அடியில் குருத்து, கை தடிமனுக்கு!

அது அவள் பார்க்கப் பார்க்க எழுந்தது. இடுப்புக்கு வந்தது, தலைக்கு வந்தது, பாறைக்கு மேலே போனது. அங்கே மெல்ல மெல்லச் சுருள் பிரிந்து, கட்டில் நீளத்துக்கு ஒரு பச்சை இலை விரிந்தது. அதன் நடுவில் கடுகளவு வெளிச்சம் உருண்டது. உருண்டு, நீண்டு, கை முளைத்து, கால் நீட்டியது. முழுசாக நஞ்சப்பன்! இலை அவனைச் சுமந்து வந்து மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டது.

ஓடிவந்த பனிச்சடையன் அந்த இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என் பனி எங்கே தோற்றது?" என்றான்.

"மேல்இலையோட நின்னு போச்சுங்க" என்றாள் பூவாத்தா.

அவன் சடை சொட்டுச் சொட்டாக உருகி, ஊற்றோடு ஊற்றாகப் போனது. சடை போனால் மந்திரமும் போச்சு. தலையைத் தடவிக்கொண்டே மலையிறங்கினான்.

பூவாத்தா புருஷன் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அங்கேயே முகம் புதைத்து அழுதாள். "தினமும் மூணு தடவை கூப்பிட்டேனே, ஒரு தடவையாச்சும் பதில் சொல்லக்கூடாதுங்களா?"

"மூணு தடவையும் சொன்னேன் புள்ள, ‘இங்கதான் இருக்கறேன்’னு. நீ நல்லாப் போர்த்தி விட்டிருந்த. வெளிய கேக்கல."

அதற்கப்புறம் வெண்மூட்ட மலையில் பள்ளத்துக்குப் பள்ளம் சேம்பு. மழை வந்தால் ஒரு இலைக்கு ஒரு குடும்பம் ஒதுங்கும். புல்நுனி வெளுத்ததும் இலைகளை வெட்டிக் கிழங்கை மூடுவார்கள். மூடிவிட்டு, குனிந்து மூன்று தடவை கூப்பிடுவார்கள். பதில் வராது. வராவிட்டாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.