சங்குக்கு மூக்கு வந்த விதம்

அந்தக் காலத்தில், ஆடும் நாரையும் நண்டும் மனிதர்களோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், கடற்கரைக் குடிசை ஒன்றில் வெள்ளாயி ஒரு பெண் பிள்ளை பெற்றாள். ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்த பிள்ளை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும்.

தாயிடம் பால் இருந்தது. பிள்ளைக்குத்தான் சப்பத் தெம்பில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கும், இரண்டு தரம் முயலும், களைத்துத் தூங்கிவிடும். ஒரு பகல் இப்படியே போயிற்று. இன்னொரு பகலும் இப்படிப் போனால் பிள்ளை தங்காது. அதை யாரும் வெள்ளாயியிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

புருஷன் கடலுக்குப் போயிருந்தான். துணைக்கு அவன் தங்கை சடச்சி மட்டும். சடச்சிக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்.

பாலைப் பீய்ச்சிக் கொட்டாங்கச்சியில் எடுத்தார்கள். சாய்த்தால் அத்தனையும் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. மூக்கிலும் கழுத்திலும் வழிந்து பிள்ளைக்குப் புரையேறியது. துணியைத் திரித்து நனைத்து வாயில் வைத்தார்கள். பால் துணியிலேயே தங்கிவிட்டது.

கேள்விப்பட்டு ஆடு வந்தது. "மே... எங்குட்டி எல்லாம் விழுந்த மறுநிமிசமே எந்திரிச்சு நின்னு முட்டி முட்டிக் குடிக்கும். ஒம் பிள்ளை என்ன, படுத்தே கெடக்கு?"

"வந்த காரியத்தைச் சொல்லு" என்றாள் சடச்சி.

"காரியம் ஒண்ணுமில்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." கூரையில் ஒரு ஓலையை உருவி மென்றுகொண்டே ஆடு போய்விட்டது.

அடுத்து நாரை வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அம்மணி, ஊட்டுவது எங்கள் குலத்தொழில். சற்றே விலகி நின்று கவனியுங்கள்." அலகால் பாலை மொண்டது, தலையை நிமிர்த்தியது, பழக்கதோஷத்தில் தானே விழுங்கிவிட்டது. "பிழை நேர்ந்துவிட்டது. மீண்டும் ஒருமுறை..." மீண்டும் விழுங்கியது. சடச்சி விளக்குமாற்றைத் தேடுவதற்குள் பறந்துவிட்டது.

பிறகு சடச்சியே அலையோரம் ஓடி ஒரு சங்கைக் கொண்டுவந்தாள். கைக்கு அடக்கமானது, உள்ளே வழுவழுப்பானது. ஆனால் உள்ளே ஆள் இருந்தது. மெத்தென்ற வயிற்றுக்காரர், ஒரு நண்டு. அந்தக் காலத்தில் இந்த நண்டுகள் ஒரே சங்கில் பிறந்து, அதிலேயே பெருத்து, அதிலேயே சாகும். இடுப்பு நெரிந்தாலும் வீடு மாறுவதில்லை. குடியிருப்பவர் மனசு வைக்காமல் அவர் வீட்டைத் தொடுவது கரையில் பெரிய பாவம்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பால் ஊத்த ஒங்க வீடு வேணும்" என்றாள் வெள்ளாயி.

"எங்கப்பன் இருந்த வீடு. முடியாது."

"பிள்ளை பொழைக்காது அண்ணாச்சி."

"பக்கத்துல எத்தனை வீடு கெடக்கு! எங்கிட்டயே வந்து நிக்கணுமா?"

"எல்லாம் அலையில உடைஞ்ச வீடு" என்றாள் சடச்சி. "மதினி, இவரை ஒரு தட்டுத் தட்டி உதறிரவா?"

"ஏளா, சும்மா இரு. அவரா வரட்டும்."

நண்டு உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே கேட்பது மட்டும் அதற்குத் தப்பவில்லை. காலையில் பிள்ளை வீறிட்டது. சூரியன் ஏற ஏற அது பூனைக்குட்டிச் சத்தமாகக் குறைந்தது. உச்சிவேளையில் ஒன்றும் கேட்கவில்லை.

நண்டு இரண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டியது. "ஏன் சத்தத்தைக் காணோம்?"

"அழத் தெம்பில்ல" என்றாள் வெள்ளாயி.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று நண்டு கத்தியது.

"மூணு தரம் சொன்னாச்சு வே!" என்று சடச்சி அதைவிடக் கத்தினாள்.

நண்டு வெளியே வரப் பார்த்தது. வர முடியவில்லை. இத்தனை வருஷம் பெருத்த உடம்பு வாசலில் இறுகிக்கொண்டது. இழுத்தது, முக்கியது, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னது. கடைசியில் தன் பெரிய கொடுக்கால் சொந்த வீட்டு விளிம்பையே கவ்வி, ஒரு பக்கமாக நெரித்தது. 'மளுக்' என்று ஒரு துண்டு உடைந்து விழுந்தது. நண்டும் மண்ணில் வந்து விழுந்தது. வெறும் வயிற்றை மறைத்துக்கொண்டு மணலில் படர்ந்திருந்த அடம்பங்கொடிக்குள் ஓடியது.

"போச்சு மதினி. இருந்த ஒரு சங்கையும் ஓட்டையாக்கிட்டாரு" என்று சடச்சி தலையில் கைவைத்தாள்.

வெள்ளாயி உடைந்த ஓரத்தைக் கல்லில் தேய்த்தாள். கொதித்த வெந்நீரில் சங்கைப் போட்டெடுத்தாள். பிள்ளையின் தலையை முழங்கையில் உயர்த்திப் பிடித்து, அந்த உடைந்த இடத்தை வாயோரம் வைத்துச் சாய்த்தாள். பால் கவிழவில்லை. உடைப்பு வழியே ஒதுங்கிவந்து, நுனியில் முத்தாகத் திரண்டு, ஒரு சொட்டு விழுந்தது. பிள்ளையின் தொண்டை அசைந்தது.

"முழுங்கிட்டா!" என்றாள் சடச்சி. "ஊத்து மதினி, ஊத்து!"

"பொறு. மூச்சு விடட்டும்."

இன்னொரு சொட்டு. ஒரு மூச்சு. இப்படியே அரைச் சங்கு போவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வெள்ளாயி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். சின்னதாக ஒரு ஏப்பம் வந்தது. பிறகு, காலையிலிருந்து கேட்காத அந்த வீறிடல், பாதிப் பலத்தோடு வந்தது. சடச்சி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

இருட்டும் முன் நண்டு திரும்பி வந்தது. வெறும் வயிற்றோடு மண்ணில் கிடந்தால் காக்கை விடுமா? சங்கு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நண்டு கிட்டப் போய்க் கொடுக்கால் விளிம்பைத் தொட்டது. அங்கே மூக்குபோல் தேய்த்திருந்த உடைப்பைத் தடவியது. உள்ளே மீசையை நீட்டியது. பால் வாடை அடித்தது.

மீசையை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டது. பிறகு அலையோரம் நடந்து, அலையில் உடைந்த வேறொரு சங்கைத் தேடிப் போனது.

அன்று முதல்தான் பால் புகட்டும் சங்குக்கு ஒரு மூக்கு. அன்று முதல்தான் அந்த நண்டுகள் வீடு மாறி வீடு மாறி அலைகின்றன. புதிதாக ஒரு சங்கைக் கண்டால் சட்டென்று நுழையாமல், அது பிள்ளைச் சங்கா என்று வாசலைத் தடவித் தடவிப் பார்க்கின்றன.